வெய்யிலும் கொங்கிறீற்றுப் பாதையும்

இரும்பு வெப்பத்தால் விரியும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். தண்டவாளத்தைத் தாங்கும் கொங்கிறீற்றும் ஏறக்குறைய அதேயளவு விரியும் என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயருமாயின், ஒரு கிலோமீற்றர் நீளக் கொங்கிறீற்று ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நீள முயலும். 30 பாகை உயருமாயின் 30 சென்ரிமீற்றர்.

சல்லிமீது சிலிப்பர் கட்டைகள் தனித்தனியே கிடக்கும் பழைய பாதையில் கொங்கிறீற்றின் விரிவு பெருஞ் சிக்கலன்று. ஆனால், 1972இல் யேர்மனியின் ரேடா நிலையத்திலும், அதே ஆண்டு திறக்கப்பட்ட யப்பானின் சன்யோ சிங்கன்சென் பாதையின் சில பகுதிகளிலும் சல்லியின் இடத்தைக் கொங்கிறீற்றுப் பலகை பெற்றது. 2008இல் திறக்கப்பட்ட பீஜிங் - தியென்சின் பாதையிலோ 6.45 மீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் தடிப்புமுள்ள பலகைகள் ஒன்றோடொன்று தொடராகப் பிணைக்கப்பட்டன.

பலகையின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலை அன்று. வெய்யில் அதன் மேற்பரப்பைச் சுடுகின்றது. காற்று அவ்வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. மேகமற்ற இரவில் அது வானை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கின்றது. கொங்கிறீற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின், நண்பகலில் மேற்புறம் கொதிக்க, அடிப்புறம் சில மணிநேரம் பின்தங்கியே சூடேறும். அப்பொழுது மேற்புறம் மிகுதியாக விரிந்து பலகையின் நடுப்பகுதி மேலெழ முயலும். இரவில் மேற்புறம் முந்திக் குளிர, முனைகள் எழ முயலும். கோடையிற் பொழியும் திடீர் மழையும் மேற்புறத்தையே முதலிற் சுருக்கும்.

பிணைக்கப்பட்ட பலகைக்கு விரிய இடமில்லை. விரிவு அமுக்கவிசையாக உள்ளே தேங்குகின்றது. இணைப்பில் நலிவு இருப்பின், கடுங்கோடையில் அவ்விடத்திற் பலகை அடியிலுள்ள சாந்துப் படையை விட்டு மேலெழுகின்றது. சீனப் பாதைகளிற் காணப்பட்ட குறை இதுவே. எழுச்சி சில மில்லிமீற்றரே ஆயினும், மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டிக்கு அது சிறிதன்று. உருக்குக் கம்பிகளைத் துளையிட்டு இறக்கிப் பலகையை அடித்தளத்தோடு பிணிப்பது ஒரு பரிகாரம். வெய்யிலைத் தெறிக்கச் செய்யும் பூச்சு மற்றொன்று. பின்னர் வகுக்கப்பட்ட சீன அமைப்பிற் பலகைகள் மீண்டும் தனித்தனியே இடைவெளியுடன் வைக்கப்பட்டன.

தொடர்ச்சி ஓட்டத்துக்கு மென்மை தருகின்றது. இடைவெளி வெப்பத்துக்கு வழிவிடுகின்றது. இரண்டினுள் எதைத் தெரிந்தாலும், நிழலில் அளந்த வெப்பமானியின் சராசரியை மட்டும் நம்பிப் பொறியியலாளன் கணக்கிடலாகாது. வெய்யிலும் காற்றும் நாளின் பொழுதும் அவனது கணக்கில் இடம்பெற வேண்டும். அவை விடுபடுமாயின், அப்பிழையின் விலையைச் செலுத்துபவர் பயணிகளே.