பாதிரிக்குடியார் காவல்

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினால் ஒத்தக்கடையில் யானைமலை கூடவே வரும். சமணத் திருமேனிகள், நரசிங்கப் பெருமாள், லாடன் கோயில் முருகன் என எல்லாருக்கும் அந்த ஒரே பாறை இடம் கொடுத்திருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பெரும்பாலும் இப்படித்தான். நான் போனது அதைத் தாண்டி, அரிட்டாபட்டிக்கு. மார்கழி என்பதால் கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது, வயல்கள் பச்சை.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலுமாக 193 ஹெக்டேர். கழிஞ்சமலை, நாட்டார்மலை, கழுகுமலை என ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுச் சுனைகள். ராஜாளிகள், தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் உண்டு. மழைக்காடு என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். முள்ளும் பாறையும் கலந்த வறண்ட காடு. ஆனால் மேலூர் வயலுக்குப் பாயும் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் இறங்கிய மழைதான். அந்தக் காட்டின் கடைமடை என்று இந்த ஊர்களைச் சொல்லலாம்.

குன்றின் ஒருபக்கம் பாண்டியர் காலத்துக் குடைவரை. ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள். உள்ளே லிங்கம், வாசலில் பிள்ளையாரும், பாசுபத சைவத்தின் ஆசானான இலகுலீசரும். தமிழ்நாட்டில் இலகுலீசரைக் காண்பது அபூர்வம். மறுபக்கம் கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளும். பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார், அடியில் வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, இது பாதிரிக்குடியார் காவல் என்று முடிகிறது. பாதிரிக்குடி பக்கத்து ஊராக இருக்க வேண்டும். சிலையைச் செய்வித்தவர் துறவி. காவலைச் சுமந்தது ஊர். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. சமணர்கள் போய்விட்டார்கள், காவல் போகவில்லை.

2024 நவம்பரில் அந்தக் காவலுக்குச் சோதனை வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேர் நிலம் ஏலம் போனது. வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது. பல்லுயிர்த் தலமும் அதற்குள்தான். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அதன்பின் மத்திய சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொன்னது. கணக்கு சரிதான்: பத்தில் ஒரு பங்கைக் கும்பிடுங்கள், ஒன்பது பங்கைக் கொடுங்கள். ஊர்க்காரர்கள் மசியவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

மேலூரில் டீக்கடைக்காரரிடம், சுரங்கத்தை எதிர்த்து நடந்த கடையடைப்புக்கு எல்லாச் சமூகத்தாரும் வந்தார்களா என்று கேட்டேன். "என்னண்ணே இப்பிடிக் கேக்குறீங்க? பாய் கடையும் பூட்டுத்தான், என் கடையும் பூட்டுத்தான். கம்மாய்த் தண்ணி சாதி மதம் பாத்தா பாயுது?" என்றவர், டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

உலக அளவிலும் இப்படி மதம் தாண்டிக் காட்டுக்காகக் கூடியதுண்டு. 2017 ஜூனில் நார்வேயின் ஆஸ்லோவில் கிறிஸ்தவ, இஸ்லாமிய, யூத, இந்து, பௌத்த, தாவோ சமயத் தலைவர்கள் பழங்குடித் தலைவர்களோடு கூடி, மழைக்காடுகளுக்கான சர்வமத முன்னெடுப்பைத் தொடங்கினார்கள். பிரேசில், கொலம்பியா, பெரு, காங்கோ, இந்தோனேசியா என ஐந்து நாடுகளில் வேலை நடக்கிறது. நல்ல காரியம். ஆனாலும் தலைவர்கள் கூடிப் பேசி முடிப்பதைவிட, கண்மாய்க்கரையில் கூடுகிற கூட்டத்தை நான் அதிகம் நம்புவேன். மலையை வைத்து மதச் சண்டையும் போடலாம் என்பதையும் மதுரை பார்த்தது. ஏலம் ரத்தான இரண்டு வாரத்துக்குள், திருப்பரங்குன்றம் மலைப் பிரச்சினைக்காக ஊருக்குத் தடையுத்தரவு போட வேண்டியிருந்தது. அரிட்டாபட்டியில் கேட்ட கேள்வி மலை இருக்குமா என்பது. அங்கே கேட்டது மலை யாருடையது என்பது.

சாமியை வைத்துக் காட்டைக் காப்பதும் உண்டு. அழகர்மலைக்கு அந்தப்பக்கம், நத்தம் வட்டாரத்தில் காசம்பட்டி. அங்குள்ள வீரகோயில் காடு 2025 மார்ச்சில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. மொத்தமே ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. உசிலை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. தலைக்குத் தேய்க்கும் அரப்பு இந்த இலையை அரைத்ததுதான். காய்ந்த சுள்ளிகூடத் தரையில் கிடந்தபடி கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "செருப்ப இங்கிட்டுக் கழட்டிப் போட்டுட்டுப் போங்க தம்பி, சாமி கோவிச்சுக்கும்" என்றார். வேலியும் இல்லை, வாட்சரும் இல்லை.

அரிட்டாபட்டி பார்க்கப் போகிறவர்கள் மேலூருக்கு அந்தப்பக்கம் கீழவளவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கும் சமணர் படுக்கை உண்டு, பாறையெழுத்து உண்டு. சுற்றியிருந்த குன்றுகளைத்தான் கிரானைட்டாக அறுத்து எடுத்துவிட்டார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தின் குழு அதை விசாரித்து 2015-இல் அறிக்கை கொடுத்தது. அறுத்த பாறை திரும்ப வளராது.