'ஓடுமா?'னு கேக்கிறதுக்கு முன்னாடி

உங்க கிளாஸ்ல ஆர்ம் சிப் போட்ட லேப்டாப் வெச்சிருக்கிறவங்க ஒருத்தராவது இருப்பாங்க. ஆப்பிளோட எம் சீரிஸ் மேக்கா இருக்கலாம், ஸ்னாப்டிராகன் போட்ட விண்டோஸ் லேப்டாப்பா இருக்கலாம். ப்ராஜெக்ட்டுக்கு வாங்கின ராஸ்பெரி பை கூட ஆர்ம் தான். இதை ஃபோன்ல படிக்கிறீங்கன்னா, அனேகமா அதுக்குள்ள இருக்கிறதும் அதுதான். ஆனா லேப் சாஃப்ட்வேர்னு பேச்சு வந்தா மட்டும் எல்லார்கிட்டயும் ஒரே பதில்: "அதுல நம்மளுது எதுவும் ஓடாது மச்சி."

இந்தப் பதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பினா ஒரு முழு லேப்டாப் காசு கையை விட்டுப் போகும். எங்க வீட்டுல கிட்டத்தட்ட போயிருக்கும்.

தேர்ட் இயர் ஆரம்பத்துல, பெங்களூருல வேலை பாக்குற எங்க அத்தை பையன் அவரோட பழைய எம்1 மேக்புக் ஏரை எனக்குக் குடுத்தார். 8 ஜிபி ரேம். அதுவரைக்கும் ரூம்மேட் தூங்கினப்புறம் அவ லேப்டாப்பை வாங்கி அசைன்மென்ட் முடிச்ச எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்லை. ஒரே வாரத்துல லேப் லிஸ்ட் வந்துச்சு. மூணு சாஃப்ட்வேர், மூணும் விண்டோஸ். விஷயத்தைக் கேட்ட அப்பா, "ஏம்மா, அப்ப இது ஆகாதா? வேணும்னா இந்த மாசம் சீட்டைத் தள்ளி எடுத்துடறேன், வேற ஒண்ணு வாங்கிக்க"ன்னார். அது தம்பி காலேஜ் சேரும்போது எடுக்கணும்னு போட்ட சீட்டு. தள்ளி எடுத்தா எவ்வளவு நஷ்டம்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "பத்து நாள் டைம் குடுங்கப்பா"ன்னேன்.

அந்தப் பத்து நாள்ல புரிஞ்சுக்கிட்டதுதான் மீதிக் கட்டுரை.

ஒரு ப்ராசஸருக்குப் புரியுறது அதோட இன்ஸ்ட்ரக்ஷன் செட் மட்டும் தான். நம்ம லேப் கம்ப்யூட்டர்கள் பேசுறது எக்ஸ்86. 1978ல இன்டெல் 8086ல ஆரம்பிச்ச குடும்பம் அது. நாம மைக்ரோப்ராசஸர் லேப்ல கிட் வெச்சுத் தட்டினோமே, அதே 8086 தான். ஆர்ம் வேற குடும்பம். இங்கிலாந்துல ஏகார்ன்ங்கிற கம்பெனியில சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைச்சு, 1985ல முதல் சிப் வந்துச்சு. எக்ஸ்86ல ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் 1 பைட்டாவும் இருக்கலாம், 15 பைட் வரைக்கும் போகலாம். 64 பிட் ஆர்ம்ல எல்லாமே சரியா 4 பைட். ஒண்ணுக்கு எழுதினதை இன்னொண்ணுகிட்ட அப்படியே குடுத்தா அதுக்கு ஒரு எழுத்தும் புரியாது.

இப்போ விர்ச்சுவல் மெஷினுக்கு வருவோம். வாடகைக்குக் குடியிருக்கிற வீட்டை நினைச்சுக்கோங்க. குடித்தனக்காரங்க அவங்க சமையலை அவங்களே பண்ணிக்கிறாங்க, அவங்க வேலையை அவங்களே பாத்துக்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஹவுஸ் ஓனரைக் கூப்பிடுறதில்லை. மோட்டார் சுவிட்சு, மெயின் ஃப்யூஸ் மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் அவர் வரணும். ஹைப்பர்வைசர் தான் அந்த ஹவுஸ் ஓனர். உள்ள குடிவர்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பெரும்பாலான இன்ஸ்ட்ரக்ஷன்களை நிஜ ப்ராசஸரே நேரடியா ஓட்டும். 1974லேயே போபெக், கோல்ட்பெர்க்னு ரெண்டு பேர் விர்ச்சுவல் மெஷினுக்கு வகுத்த நிபந்தனைகள்ல இதுவும் ஒண்ணு. ஆர்ம்ல இதுக்குன்னே மாடி மாடியா லெவல் இருக்கு. அப்ளிகேஷனுக்கு ஈஎல்0, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஈஎல்1, ஹைப்பர்வைசருக்கு ஈஎல்2.

ஆனா இதுல ஒரு கண்டிஷன் இருக்கு. குடிவர்றவங்க அதே பாஷை பேசணும். ஆர்ம் மேக்ல ஆர்ம் லினக்ஸோ ஆர்ம் விண்டோஸோ போட்டா மட்டும் தான் இந்த வேகம் கிடைக்கும். எக்ஸ்86 விண்டோஸைக் கொண்டுவந்து வெச்சா நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அதுக்குப் பேர் எமுலேஷன். 2003ல ஃபேப்ரிஸ் பெல்லார்ட் வெளியிட்ட கியூஎமு இந்த வேலையைத் தான் செய்யுது.

எமுலேஷன் எப்படி இருக்கும்னு எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். இந்த இதழுக்கு முதல் தடவை எழுதினப்ப ஒவ்வொரு வரியையும் மனசுக்குள்ள இங்கிலீஷ்ல போட்டு, அப்புறம் தமிழாக்கி, அப்புறம் டைப் பண்ணேன். ஒரு பக்கத்துக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. அடிக்கடி வர்ற வாக்கியங்கள் பழகினப்புறம் கொஞ்சம் வேகம் வந்துச்சு. கியூஎமுவும் அதே தான் பண்ணும். ஒரு தடவை மொழிபெயர்த்த கோடைத் தூக்கிப் போடாம கேஷ்ல வெச்சுக்கும், திரும்ப வந்தா அதையே எடுத்துக்கும். இருந்தாலும் நேரா அந்தப் பாஷையிலேயே யோசிக்கிறவங்க வேகம் வரவே வராது.

சும்மா படிச்சா போதாதுன்னு வேணும்னே ரெண்டு விதமாவும் போட்டுப் பார்த்தேன். மேக்ல யூடிஎம்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் அப்ளிகேஷன் இருக்கு. புது மெஷின் உருவாக்கும்போதே விர்ச்சுவலைஸா எமுலேட்டான்னு கேக்கும். முதல்ல ஒரே லினக்ஸோட ரெண்டு ஐஎஸ்ஓ. ஆர்ம்64 ஐஎஸ்ஓ விர்ச்சுவலைஸ்ல நிமிஷத்துக்குள்ள லாகின் கேட்டுச்சு. எக்ஸ்86 ஐஎஸ்ஓ எமுலேட்ல லாகின் கேக்குறதுக்குள்ள நான் டீ போட்டுக் குடிச்சு டம்ளரையும் கழுவி வெச்சுட்டேன். லேப்டாப் ஒண்ணு தான், ரேமும் அதே ரேம் தான். மாறினது பாஷை மட்டும்.

அடுத்தது ஆர்ம் விண்டோஸ் 11. காலேஜ் மாணவர் லைசென்ஸ், ரேம்ல பாதி அதுக்கு, பிரவுசரை மூடி வெச்சுட்டு இன்ஸ்டால் பண்ணேன். எனக்கு வியப்பா இருந்தது இங்க தான். லேப் லிஸ்ட்ல இருந்த மூணும் எக்ஸ்86 சாஃப்ட்வேர். அதுல ரெண்டு ஓடுச்சு! காரணம், ஆர்ம் விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் ஒரு மொழிபெயர்ப்பாளரை வெச்சிருக்கு. ஆர்ம் விண்டோஸ் 10ல 32 பிட் எக்ஸ்86 சாஃப்ட்வேர் மட்டும் ஓடும். 11ல 64 பிட்டும் ஓடும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மொத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மொழிபெயர்க்கிறது வேற, உள்ள ஓடுற ஒரே ஒரு சாஃப்ட்வேரை மொழிபெயர்க்கிறது வேற. ரெண்டாவதுல சுமை ரொம்பக் குறைவு. லினக்ஸுக்கும் இதே மாதிரி வழி இருக்கு. 2022ல வந்த மேக் ஓஎஸ் வென்ச்சுராவில் இருந்து, மேக்ல ஓடுற ஆர்ம் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ரோசெட்டாவை வெச்சு 64 பிட் எக்ஸ்86 லினக்ஸ் சாஃப்ட்வேரை ஓட்டலாம்.

ஓடாத மூணாவது எது? மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல புரோகிராமை ஏத்துற சாஃப்ட்வேர். விண்டோ திறந்துச்சு, கோட் கம்பைல் ஆச்சு, போர்டை மட்டும் கண்டுக்கவே இல்லை. ஏன்னா அந்த யூஎஸ்பி டிவைஸுக்கு வேண்டிய டிரைவர் கெர்னலுக்குள்ள போய் உக்காரணும். விண்டோஸோட மொழிபெயர்ப்பு அப்ளிகேஷன்களுக்கு மட்டும் தான், கெர்னலுக்குள்ள போற டிரைவர் ஆர்ம்64க்குன்னு எழுதினதாவே இருக்கணும். இந்தப் பழைய டிரைவருக்கு அப்படி ஒரு வெர்ஷனே வரலை. எவ்வளவு தட்டினாலும் வேற வழி கிடையாது. அதனால கோடை ரூம்ல எழுதிக் கம்பைல் பண்ணி, ஹெக்ஸ் ஃபைலைப் பென் டிரைவ்ல போட்டு, போர்டுல ஏத்துறதுக்கு மட்டும் லேப்புக்குப் போனேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம். ரெண்டு செமஸ்டரும் அப்படியே ஓடிச்சு. அப்பா சீட்டைத் தொடலை. தம்பி அட்மிஷனப்போ பெருசா தள்ளாம முறையா எடுத்தார்.

எல்லாத்துக்கும் இது மருந்துன்னு சொல்ல வரலை. பெரிய எஃப்பிஜிஏ டூல், வெயிட்டான 3டி மாடலிங், லைசென்ஸ் டாங்கிள் கேக்குற சாஃப்ட்வேர்னு தினமும் வேலை இருக்கிற டிபார்ட்மென்ட்டுக்கு எக்ஸ்86 லேப்டாப் தான் நிம்மதி. "ஆர்ம்"னு பேர் இருந்தா மட்டும் போதும்னும் நினைக்காதீங்க. ஆப்பிள் எம் சிப்புகள்ல 32 பிட் ஆர்ம் கோடுக்கே இடமில்லை. அதனால ராஸ்பெரி பையோட பழைய 32 பிட் சிஸ்டத்தை மேக்ல விர்ச்சுவலைஸ் பண்ண முடியாது.

அதனால ஜூனியர்ஸ், "இது ஓடுமா?"னு யாரையும் மொட்டையா கேக்காதீங்க. மூணு கேள்வியா பிரிச்சுக் கேளுங்க. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆர்ம்64 வெர்ஷன் இருக்கா? அதுக்குள்ள ஓட வேண்டிய சாஃப்ட்வேர் வெறும் அப்ளிகேஷனா, இல்ல டிரைவர் கேக்குமா? டிரைவர் கேட்டா அதுக்கு ஆர்ம்64 வெர்ஷன் இருக்கா? மூணுக்கும் பதில் எழுதி வெச்சுட்டு அப்புறம் வீட்டுல காசு கேளுங்க.

நம்ம லேப் சாஃப்ட்வேர் லிஸ்ட்ல பேர், வெர்ஷன்னு ரெண்டு கட்டம் தான் இருக்கு. மூணாவதா "ஆர்ம்ல எப்படி"ன்னு ஒரு கட்டம் சேர்த்து ஒரு ஷீட் ஆரம்பிச்சிருக்கேன். இதுவரைக்கும் பதினொரு வரி நிரம்பியிருக்கு. மெக்கானிக்கல், சிவில் பக்கம் முழுசா காலியா கிடக்கு. நீங்க போட்டுப் பார்த்தது எதுவா இருந்தாலும், ஓடாததா இருந்தாலும் கூட, ஒரு வரி எழுதிட்டுப் போங்க.