மஞ்சள் கொடி ஏறிய சந்தை

நாங் லோங் சந்தைக்குள் நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். வெளியே நக்கோன் சவான் சாலையில் கொளுத்தும் வெயில். உள்ளே உயரத்தில் தகரக் கூரை, அதன் இடுக்குகளில் இறங்கும் வெளிச்சக் கோடுகள், அந்தக் கோடுகளில் ஏறிக்கொண்டிருக்கும் தேங்காய்ப்பால் ஆவி. எண்பதுகளின் நடுவில், எனக்கு எட்டு ஒன்பது வயது. இருட்டுக்குக் கண் பழகுவதற்குள் மூக்கு பழகிவிடும். கரி அடுப்பு, காய்ச்சிய பனைவெல்லம், எலுமிச்சைப்புல், எல்லாவற்றுக்கும் அடியில் நாம் ப்ளா என்கிற மீன் சாஸின் வாடை.

பாங்காக்கில் வியாபாரமெல்லாம் கால்வாய்ப் படகுகளில் நடந்த காலம் போய், தரையில் எழுந்த முதல் சந்தை இது என்பார்கள். மன்னர் ஐந்தாம் ராமா 1900 மார்ச் 29 அன்று திறந்துவைத்தது. ஒட்டினாற்போல் சாலா சலெர்ம் தானி என்ற மரக் கட்டடத் திரையரங்கு, 1918இல் வந்தது. படம் பார்க்கப் போகிறவர்கள் சந்தையில் பலகாரம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். 1993இல் அதை மூடிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது ஒரு சொந்தக்காரர் போன செய்தி போல இருந்தது எனக்கு.

எங்கள் வீடு சீலோமில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. 1879 வாக்கில் அங்கே வந்து குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். அப்பா சந்தபுரியிலிருந்து வரும் நீலமும் கெம்பும் வாங்கி விற்கும் தொழிலில் இருந்தார். மாடியில் குடியிருந்த தாய்லாந்துப் பாட்டியை யாய் என்று கூப்பிடுவேன். அங்கே அம்மாவைப் பெற்றவளை அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய தங்கைக்கு நாங் லோங்கில் பலகாரக் கடை. பள்ளி விடுமுறை விட்டால் போதும், யாயின் கையைப் பிடித்துக்கொண்டு டுக்டுக்கில் ஏறிவிடுவேன்.

சந்தையில் யாய்க்கு ஒரு முறை இருந்தது. எந்தக் கடையிலும் எடுத்த எடுப்பில் வாங்க மாட்டார். "முதல்ல ருசி பாரு" என்று கடைக்காரர்களே ஒரு கரண்டி நீட்டுவார்கள். நான் விழுங்கியதும் யாய் குனிந்து கேட்பார்: "புளிப்பு முன்னாடி வந்துச்சா, இனிப்பு முன்னாடி வந்துச்சா?" தெரியவில்லை என்றால் இன்னொரு வாய். நூடுல்ஸ் கடை மேசையில் சர்க்கரை, மிளகாய்த் தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் மிதக்கும் மீன் சாஸ் என்று நான்கு கிண்ணங்கள் இருக்கும். வெறும் சாற்றை ஒரு மிடறு குடித்துப் பார்க்காமல் அவற்றில் கை வைக்க விடமாட்டார். சமைத்தவள் ஒரு அளவு வைத்திருக்கிறாள், அதைத் தெரிந்துகொண்ட பிறகு உன் அளவுக்குப் போ என்பார். சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த மேசையில் கற்றதுதான்.

கனோம் க்ரோக் சுடும் பெண்ணிடம் மட்டும் எங்களுக்கு நெடுநேரம் ஆகும். நம் பணியாரச் சட்டி மாதிரியேதான், ஆனால் கை அகலத்துக்கு அல்ல, ஒரு முறம் அளவுக்குக் குழி குழியாக. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மெல்லிய மாவைக் குழிக்குள் ஊற்றிச் சட்டியைச் சுழற்றுவாள். மாவு ஓரம் வரை ஏறி ஒட்டிக்கொள்ளும். அது இறுகும்போது கெட்டித் தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் உப்பும் கரைத்த இரண்டாவது மாவு நடுவில். மேலே வெங்காயத்தாளோ, சோள மணியோ, சேப்பங்கிழங்குத் துண்டோ தூவி மூடிவிடுவாள். திறக்கும்போது விளிம்பு பழுப்பேறி முறுகியிருக்கும். நடுவில் அசைத்தால் ஆடும். கரண்டியால் நெம்பி எடுத்து இரண்டிரண்டாகச் சேர்த்து வாழையிலையில் வைத்துத் தருவாள். உடனே வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். ஆறவிட்டால் அந்த முறுகல் போய்விடும். அந்த இடைவெளியைப் பிடிப்பதில்தான் எல்லாமே இருந்தது.

யாயின் தங்கை கடையில் லூக் சுப். பாசிப்பருப்பை வேகவைத்து அரைத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, குட்டி மாங்காய், கத்தரிக்காய், சிவப்பு மிளகாய் என்று விரல்நுனியால் உருட்டி, குச்சியில் செருகி, சாயம் தீட்டி, கடற்பாசிப் பாகில் முக்கி எடுப்பார்கள். மிளகாயைத்தான் நான் எப்போதும் எடுப்பேன். வேறு சில பலகாரங்களுக்கு வாசனைப் புகை போடுவதும் உண்டு. அதற்கென்றே வளைந்த ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு முனையிலும் திரி. இரண்டையும் ஏற்றி, ஊதி அணைத்து, புகை எழும்பும்போதே பாத்திரத்துக்குள் வைத்து மூடிவிடுவார். திறக்கும்போது பலகாரத்தோடு அந்தப் புகையும் சேர்ந்து இனிக்கும்.

இதில் எதிலும் அம்மா இல்லை. கும்பகோணம் பக்கத்துச் சைவக் குடும்பம். பாங்காக்கில் குழம்பு, பொரியல், வதக்கல் எதிலும் மீன் சாஸோ இறால் விழுதோ இருக்கும். இத்தனை வருஷமாகியும் வெட்டின கொய்யாவும் இளநீரும் தவிரத் தெருவில் அவள் எதையும் தொட்டதில்லை. நான் வாய் ஓயாமல் சந்தைக் கதை சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கும்.

அக்டோபர் விடுமுறையில் ஒருநாள் யாய் மாடியிலிருந்து இறங்கி வந்து, "இன்னைக்கு உன் அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றார். சந்தை முழுக்க மஞ்சள் கொடி, அதில் சிவப்பில் ஜே என்ற எழுத்து. சீன வம்சத்து தாய்லாந்துக்காரர்களின் ஒன்பது நாள் விரதம். சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதம், வளர்பிறை முதல் நாளில் தொடங்குகிறது. நம் நவராத்திரியும் அமாவாசை கழிந்த பிரதமையில்தான் தொடங்குகிறது என்பதால் பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும். அந்த விரதத்தில் கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். வீட்டில் கொலு வைத்து, வெங்காயம் ஒதுக்கி விரதமிருந்த அம்மாவுக்கு யாரோ பார்த்துப் பார்த்துச் செய்து வைத்தது போல ஒரு சந்தை.

"நிஜமாவே இல்லையாடி? நல்லாக் கேட்டியா?" என்று மூன்று கடைகளில் என்னிடம் கேட்டாள். நான் தாய்லாந்து மொழியில் கேட்டுச் சொன்னேன். முதலில் பொரித்த டோஃபு, வேர்க்கடலை மிதக்கும் புளிச் சாற்றில் தோய்த்தது. யாய் அவளையும் விடவில்லை. "எது முன்னாடி வந்துச்சு?" நான் மொழிபெயர்த்தேன். அம்மா கண்ணை மூடி யோசித்து, "புளி. அப்புறம் வெல்லம். காரம் கடைசியில தொண்டையில" என்றாள். யாய் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் அன்றுவரை காரத்தைத் தொண்டையில் தேடியதே இல்லை.

அடுத்த கடையில் காளானை மிளகாயோடு வதக்கி, கைநிறைய ஒரு கீரையை அள்ளிப் போட்டார்கள். சட்டியிலிருந்து வந்த வாசனையில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கப்ராவ் என்று அங்கே சொல்கிறார்களே, அது நம் துளசியேதான். பெருமாள் சந்நிதியில் கையில் வாங்குகிற இலை, இங்கே சோற்றுக்குக் கறி. தட்டில் வந்ததும் ஒரு இலையை விரலால் எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், வாயில் போட்டு மென்றாள். பிறகு கரண்டியை எடுத்துக் கடைசிக் காளான் வரை சாப்பிட்டாள். கனோம் க்ரோக்கும் அன்று வெங்காயத்தாள் இல்லாமல், சோளம் தூவி. அதை மட்டும் இரண்டு இலை வாங்கினாள்.

மறுநாள் காலை, சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், கொண்டைக்கடலைச் சுண்டல். நைவேத்தியம் ஆனதும் ஒரு டிபன் கேரியர் நிறையக் கட்டி என்னிடம் கொடுத்து, சந்தையில் நேற்று சாப்பிட்ட ஒவ்வொரு கடைக்கும் கொடு என்றாள். டோஃபுக்காரர் ஒரு பிடி வாங்கி வாயில் போட்டு அங்கேயே மென்றார். காளான் கடையில் கறிவேப்பிலையைத் தனியே எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். பணியாரம் சுடும் பெண் கரண்டியால் எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக ருசித்தாள். "உப்பு முன்னாடி வருது, கடுகு பின்னாடி. தேங்காய் போதாது. இன்னும் நாலு பிடி போடச் சொல்லு உன் அம்மாவை" என்றாள்.

அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. அடுத்த நாள் பட்டாணிச் சுண்டலுக்கு இரண்டு தேங்காய் உடைத்தாள்.