புகுந்த வீடு, புகுந்த நாடு

பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் புகுந்த வீடு என்று ஒன்று உண்டு. எங்களைப் போன்ற சிலருக்குப் புகுந்த நாடு என்றும் ஒன்று அமைந்துவிடுகிறது. வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தால் போதும். நாட்டுக்குள் நுழைய வலது காலோடு பாஸ்போர்ட்டும், கணவரின் கையெழுத்தும், ஓர் உறை நிறையப் படங்களும் வேண்டும்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். 1991இல் கூலாய்க்கு மருமகளாக வந்தேன். ஜொகூர் பாருவிலிருந்து முப்பது கிலோமீட்டர். ரயில் நிற்கும் ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. தென்னந்தோப்பில் வளர்ந்த எனக்கு அந்த மரங்கள் தென்னைக்குத் தூரத்து உறவு போலத் தெரிந்தன. நிமிர்ந்து பார்த்தால் காய் இல்லை, ஒரே குலையாய்ச் சிவந்த பழம்!

தமிழ்க் குடும்பத்துக்குத்தானே போகிறோம், பேச்சுக்கு என்ன குறை என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் நாளே மாமியார், "காடி வெளியே நிக்குது, ஏறும்மா" என்றார். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த நீர். இங்கே அது மோட்டார் கார்! பணம் வெள்ளியானது, டவுன் பெக்கான் ஆனது, காலைப் பலகாரம் 'பசியாறுதல்' ஆனது. அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் நான் மயங்கிவிட்டேன். வாசலில் யார் வந்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்கிற ஊரில் எப்படியும் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பேச்சு ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது விசா. நான் இங்கே கணவரின் பொறுப்பில் தங்கியிருப்பவள். அனுமதி முடிகிற தேதி சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அவர் லீவு எடுத்துக்கொண்டு கூட வரவேண்டும். வேலைக்குப் போகக்கூடாது என்று முத்திரையே சொன்னது. பி.ஏ. படித்தவள், கைச்செலவுக்கு ஐந்து வெள்ளி என்றாலும் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் சிறு சண்டை வந்தால்கூட, "இவர் கையெழுத்துப் போடாவிட்டால்?" என்ற நினைப்பு ஒரு நொடி வந்து போகும். அந்த ஒரு நொடி கணவன் மனைவிக்கு நடுவில் வரவே கூடாத ஒன்று.

மாமியாரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் தம் அண்ணியின் கதையைச் சொன்னார். அந்த அண்ணி இங்கே தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர். அவருடைய கணவர், அதாவது மாமியாரின் அண்ணன், ஊரிலிருந்து வந்தவர்; குடியுரிமை வாங்கவில்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. 1969க்குப் பிறகு பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களில் இந்த அண்ணியும் ஒருவர். ரஜூலா கப்பலில், பார்த்தே இராத நாகப்பட்டினத்துக்கு, இரண்டு பிள்ளைகளோடு போனார். போனவர் திரும்பவில்லை. 1973இல் ரஜூலா ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்ததோடு நின்றது.

அப்படிப் போனவர்களை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன். 'மலாயாக்காரி' என்பார்கள். எத்தனை வருடம் களை பறித்தாலும், நாற்று நட்டாலும், சாகும்வரை அந்தப் பெயர்தான். இங்கே நான் 'ஊர்க்காரப் பொண்ணு'. கடலுக்கு இரண்டு கரையிலும் மருமகளுக்கு ஒரே கதைதான்!

1999இல் எனக்கு நிரந்தரவாசி என்ற சிவப்பு அடையாளக் கார்டு கிடைத்தது. மாமியார் தம்முடைய கார்டை எடுத்து வந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அதுவும் சிவப்பு! சுதந்திரத்துக்கு முன் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் உரிய காலத்தில் வழி சொல்லவில்லை. "நேத்து வந்தவளுக்கும் இங்கேயே பொறந்தவளுக்கும் ஒரே கலரு, பாத்தியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கடைசிவரை ஓட்டுப் போடாமலே போய்ச் சேர்ந்தார்.

நீல கார்டுக்கு நான் உடனே மனுச் செய்யவில்லை. மலேசியாவும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இதை வாங்கினால் அதை ஒப்படைக்க வேண்டும். 1996இல் அப்பா தவறியபோது நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். பால் தெளித்து முடித்திருந்தார்கள். இனி அம்மாவைப் பார்க்கவும் விசா கேட்டு நிற்பதா என்று மனம் இடம் கொடுக்கவில்லை. பிறகு இந்திய அரசு 2005இல் சட்டத்தைத் திருத்தி, அயல்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோருக்கு ஓ.சி.ஐ. அட்டைக்கு வழி திறந்தது. ஓட்டு இல்லை, விளைநிலம் வாங்க முடியாது. ஆனால் ஆயுள் முழுதும் போய்வரலாம். அதன் பிறகே துணிந்தேன். மலேசிய அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இந்நாட்டுக் குடிமகனின் மனைவி பதிவின் மூலம் குடியுரிமை கேட்க வழி வைத்திருக்கிறது. 2012இல் உறுதிமொழி எடுத்தேன். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று இரவு சோறு இறங்கவில்லை. அடுத்த ஆண்டு, 2013 மே 5இல், பொதுத்தேர்தலில் விரலில் மை வைத்தார்கள். மாமியாரை நினைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இந்த 15ஆம் பிரிவு வழி கிடையாது என்பதையும் பெண்ணைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் மற்ற அயல்நாட்டாரைப் போல, பன்னிரண்டு ஆண்டில் பத்தாண்டு இங்கே வசித்து, போதிய மலாய் அறிவோடு மனுச் செய்யவேண்டும்.

இன்றும் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுக்கிறார்கள். கூலாயின் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பத்திரம் இல்லாமல் அவளுக்கு எந்தக் கதவும் திறக்காது. அவளுடைய பாஸ்போர்ட் அவள் பெட்டியில் இருக்கட்டும், உங்கள் அலமாரியில் வேண்டாம். விசா முடிகிற தேதி உங்கள் மகனுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கடைக்குப் போய்வரக் கொஞ்சம் மலாய், வாரம் ஒருமுறை அம்மாவோடு முகம் பார்த்துப் பேச ஒரு கைப்பேசி இருந்தால் போதும், அவள் வேர் பிடித்துக்கொள்வாள்.

வருகிற பெண்ணுக்கும் ஒன்று சொல்கிறேன். காடி என்றதும் திகைக்காதே அம்மா, ஏறி உட்கார். கையில் உன் பாஸ்போர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்.