ஒரு கூரையின்கீழ் மூன்று மொழிகள்

எடப்பாடித் தெருக்களில் நடப்பவர்க்கு விசைத்தறியின் ஓசை புதியதன்று. அவ்வோசை நின்றுவிட்டால்தான் அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்ப்பர். சென்ற தவக்காலத்தில் நாம் ஓர் இல்லத்திற்குச் சென்றபோது தறிகள் நின்றிருந்தன, மின்சாரமோ இருந்தது. அவ்வில்லத்தின் மூதாட்டி இறைவனடி சேர்ந்து இருபது நாள்கள் ஆகியிருந்தன. முப்பதாம் நாள் திருப்பலியைப் பற்றிப் பேசவே நாம் சென்றிருந்தோம். ஆனால் திண்ணையின் ஒரு முனையில் அண்ணனும் மறுமுனையில் தம்பியும் முகம் திருப்பி அமர்ந்திருந்த காட்சியைக் கண்டதும், திருப்பலியைக் காட்டிலும் முந்திச் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு என்று உணர்ந்துகொண்டோம்.

காரணத்தை வினவினோம். அம்மூதாட்டி தவக்காலந்தோறும் பழைய பிரலாபங்களை இராகத்தோடு பாடுபவர். அவற்றுள் சில எந்த அச்சுப் புத்தகத்திலும் நாம் காணாதவை. இளைய மகனின் புதல்வி பாட்டியோடு தங்கிப் படித்த பெண். தனக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில் அவற்றையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸோடு கூட, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயக்குதளமும் இருந்ததை நம் குடும்பங்களில் பலர் அறிவர். இப்பெண்ணின் கணினியில் விண்டோஸ் பழுதாகிவிட, லினக்ஸிலேயே பதிவுகள் யாவும் இருந்தன. மூத்தவருடைய தறிக் கணக்குகள் முன்னறையில் விண்டோஸ் கணினியில் இருந்தன. பெங்களூரில் பணிபுரியும் இளையவர் தம் ஆப்பிள் மேக் கணினியோடு வந்திருந்தார்.

முப்பதாம் நாளன்று உறவினர் அனைவரும் அன்னையின் குரலைக் கேட்கவேண்டும் என்பது மூத்தவரின் ஆசை. அப்பெண், வீட்டு வைஃபை வழியாக எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, பதிவுகள் இருந்த கோப்புறையைப் பகிர்ந்து வைத்தாள். ஆனால் மூத்தவரின் கணினி உள்ளே விடவில்லை. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. எதைக் கொடுத்தாலும் தவறு என்றது.

"சாமி, எங்க அம்மா குரலை நான் கேக்கறதுக்கு என்கிட்டயே கடவுச்சொல் கேக்குதுங்க. தம்பி பூட்டி வெச்சிருக்கான்" என்றார் மூத்தவர். அவர் குரல் நடுங்கியது.

"நான் எதையும் பூட்டலைங்க சாமி. என் கணினிக்கு அந்த மடிக்கணினி இருக்கறதே தெரியலை. அண்ணன்தான் நம்ப மாட்டேங்கறாரு" என்றார் இளையவர்.

பென்டிரைவும் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. அன்னையின் மணவாழ்வுப் பொன்விழாக் காணொளியை அதில் ஏற்றியபோது பாதியில் நின்றது. மூத்தவர் தம் வெளி வட்டைக் கொடுத்து, "இதில் போட்டுத் தா" என்றார். மேக் கணினியோ அவ்வட்டைப் படித்ததேயன்றி அதில் எழுத மறுத்தது. ஒவ்வொரு தோல்வியும் ஒரு வஞ்சகமாகத் தோன்றியது. தறிகளைப் பங்கிடுவது பற்றி ஏற்கெனவே மனத்தாங்கல் இருந்த வீடு அது. காய்ந்த வைக்கோலுக்கு ஒரு பொறி போதாதா?

நாம் கணினி வல்லுநர் அல்லோம். எனினும் குருமடத்தில் தருக்கவியல் கற்பித்த ஆசிரியர் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துவார்: ஒரு சிக்கலைக் கண்டால் அதைப் பகுத்துப் பார், பல காரியங்களை ஒன்றென்று எண்ணாதே. ஆகவே மறுநாள் மாலை, கணினி பழுதுபார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு அவ்வில்லத்திற்குச் சென்றோம். "யார் குற்றம் என்று இன்றைக்குப் பேசவேண்டாம், எங்கே குற்றம் என்று மட்டும் பார்ப்போம்" என்று சகோதரர் இருவரிடமும் சொன்னோம். இருவரும் இசைந்தனர்.

முதற்காரியமாக அந்த இளைஞர், பதிவுகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தார். பழுது பார்க்கப் புகுமுன் பொருளைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்றார். மூவருக்கும் அப்போதே பாதி பாரம் குறைந்தது. வட்டுகளின் மறைபொருளும் அப்போது விளங்கிற்று. பென்டிரைவ் எஃப்.ஏ.டி. 32 என்னும் பழைய முறையில் அமைந்தது. அம்முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பைச் சேமிக்க இயலாது. பொன்விழாக் காணொளி அதனினும் பெரிது. மூத்தவரின் வட்டு விண்டோஸுக்கே உரிய என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்தது, மேக் அதைப் படிக்கும், ஆனால் இயல்பான நிலையில் அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைத்த வட்டில் இரண்டும் எழுதும். "தம்பி சொன்னது உண்மைதானா?" என்று மூத்தவர் மெல்லக் கேட்டார். இளையவர் பதில் சொல்லவில்லை.

அடுத்து வைஃபை. மூன்று கணினிகளும் ஒரே வலையில் இருக்கின்றனவா என்று பார்த்தார். அவ்வீட்டு ரவுட்டரில் குடும்பத்தாருக்கு ஒன்றும் விருந்தினருக்கு ஒன்றுமாக இரண்டு இணைப்புகள் இருந்தன. பெங்களூரிலிருந்து வந்தவர் விருந்தினர் இணைப்பில் சேர்ந்திருந்தார். விருந்தினர் இணைப்பில் இருப்போர் இணையத்தைப் பெறுவர். வீட்டின் மற்றக் கணினிகளைக் காணமாட்டார். பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருந்திருக்கிறார்! அதைக் கேட்டு இளையவர் சிரித்தார். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை.

பின்னர் முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது. மின்சாரம் போய் வந்தால் அவ்வெண் மாறக்கூடும். நேற்று எழுதி வைத்த எண்ணைக் கொண்டு இன்று கதவைத் தட்டினால் வேறொருவர் வீட்டைத் தட்டியதாகும். மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊரில் இது நேராமலிருக்குமா? மடிக்கணினிக்கு என்றும் ஒரே எண்ணைத் தருமாறு ரவுட்டரில் பதிந்து வைத்தார் இளைஞர்.

மூன்றாவதாகப் பேச்சு. இங்கே சற்று நின்று, ஒரு வரலாற்றைக் கூறுவது நலம். கணினிகள் தம்முள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள எஸ்.எம்.பி. என்ற பேச்சுமுறையை 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கினர். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்து விண்டோஸின் தாய்மொழியாக்கியது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர் 1991-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு முயற்சியில் இறங்கினார். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதைக் கம்பி வழியே கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று பார்த்துப் பார்த்தே அப்பேச்சுமுறையைக் கற்றார். அயலூர் உணவகத்தில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பணியாளர் கொண்டுவருவதையும் கவனித்து மொழி பயில்பவனைப் போன்றது அது. அவர் தொடங்கிய மென்பொருளே சாம்பா. எஸ், எம், பி என்னும் எழுத்துகள் அமைந்த ஒரு சொல்லை அகராதிப் பட்டியலில் தேடி அப்பெயரை எடுத்தாராம். அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இன்றும் லினக்ஸ் கணினி விண்டோஸுக்குத் தன் கோப்புகளைத் திறந்து காட்டுவது பெரும்பாலும் சாம்பாவின் துணையாலேயே. ஆப்பிள் நிறுவனமும் 2013-ஆம் ஆண்டில் தன் கணினிகளில் எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பையே முதன்மையாக வைத்துக்கொண்டது.

பேச்சு ஒன்றாயினும் அதில் பழைய வழக்கும் புதிய வழக்கும் உண்டு. அந்த மடிக்கணினியில் இருந்த பழைய சாம்பா முதற்பதிப்பை மட்டுமே பேசும் நிலையில் இருந்தது. அதற்கு ஈடுகொடுக்க, யாரோ தொலைபேசியில் சொன்ன யோசனைப்படி, மூத்தவர் தம் விண்டோஸ் கணினியிலும் அந்த முதற்பதிப்பை மீண்டும் இயக்கிவிட்டிருந்தார். அதைக் கண்டதும் இளைஞரின் முகம் மாறியது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் உலகைக் கலக்கிய வான்னாகிரை என்ற நச்சு நிரல் புகுந்தது அந்தப் பழைய வாயில் வழியாகவே. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயப் பணம் கேட்டது அது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளும் தடுமாறின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, ஏற்காதவர்கள் அகப்பட்டனர். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அப்பழைய பேச்சை அந்நிறுவனம் விலக்கத் தொடங்கியது. தறிக் கணக்கும் கூலிக் கணக்கும் இருந்த கணினியில் அக்கதவு திறந்து கிடந்தது! இளைஞர் அதை மூடினார். மடிக்கணினியில் புதிய லினக்ஸையும் அதனோடு புதிய சாம்பாவையும் நிறுவினார். அதற்கு ஒன்றரை மணி நேரம் சென்றது. அதற்குள் இல்லத்தரசி காபி கொண்டுவந்தார். சகோதரர் இருவரும் ஒரே பாயில் அமர்ந்து குடித்தனர்.

எஞ்சியது அக்கடவுச்சொல். இதுவே அண்ணன் மனத்தைப் புண்படுத்திய முள். மடிக்கணினியைத் திறக்கும் கடவுச்சொல்லை அப்பெண் பெரியப்பாவுக்கு மறைக்காமல் சொல்லியிருந்தாள். அவரும் அதையே தட்டச்சு செய்திருந்தார். ஆனால் சாம்பா தனக்கென்று வேறொரு பதிவேட்டில் கடவுச்சொற்களை வைத்திருப்பது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் திருமணப் பதிவேட்டிலும் இருக்கும் என்று கொள்ள முடியாதல்லவா? அந்தப் பதிவேட்டில் எவர் பெயருமே இல்லை. ஆகவே சரியான கடவுச்சொல்லும் தவறாயிற்று. இளைஞர் மூத்தவர் பெயரையும் இளையவர் பெயரையும் அதில் சேர்த்தார்.

அப்போதும் திறக்கவில்லை! எமக்கே ஐயம் எழுந்தது. பார்த்தால், பதிவுகள் இருந்த கோப்புறைக்கு அனுமதி இருந்தது. அதற்கு மேலே இருந்த கோப்புறைக்கு இல்லை. லினக்ஸில், உள்ளே செல்லும் வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையும் கடந்துசெல்ல அனுமதி தரவேண்டும். உள்ளறை திறந்திருந்தும் நடைக்கதவு சாத்தியிருந்தால் எப்படிப் போவது? பதிவுகளைப் பொதுவான ஓரிடத்திற்கு மாற்றி, அதற்கு மட்டும் அனுமதி வழங்கினார். திறந்தது.

சில பதிவுகளின் பெயர்கள் மட்டும் விண்டோஸில் சிதைந்து, புரியாத எழுத்துகளாய்த் தெரிந்தன. அப்பெண் பாட்டி பாடிய நேரத்தை, மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே முக்காற்புள்ளியிட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதியிருந்தாள். லினக்ஸ் அதை ஏற்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. புள்ளியை நீக்கியதும் பெயர் துலங்கியது. பாடல் வரிகளைத் தட்டச்சு செய்த கோப்போ மேக் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்க் காட்சியளித்தது. பழைய எழுத்துரு ஒன்றில் அடித்தது அது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்குத் தோன்றிய எண்ணைத் தமிழ் எழுத்துக்குக் கொடுத்துவந்த காலம் ஒன்று இருந்தது. எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றியதும் வரிகள் உயிர்பெற்றன. உங்கள் வீடுகளில் பழைய எழுத்துருவில் அடித்த குடும்பக் குறிப்புகள் இருப்பின், அவற்றை அழித்துவிடாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவு ஒன்பது மணிக்கு, முன்னறைக் கணினியிலிருந்து அம்மூதாட்டியின் குரல் எழுந்தது. சிலுவையடியில் நின்ற மாதாவின் துயரைப் பாடும் பிரலாபம். நடுவில் ஓர் இருமல். பின்பு தறி ஓட்டுபவரை நோக்கி, "கொஞ்சம் நிறுத்துடா பெரியவனே, பாப்பா பதியறா" என்று ஒரு சொல். தறியின் ஓசை அடங்குகிறது, பாடல் தொடர்கிறது. மூத்தவர் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி எழுந்து சென்று அவர் அருகில் நின்றார். நாம் ஒன்றும் பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இல்லை.

தறிப் பங்கீடு அன்றிரவே தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லோம். அது இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆனால் பேச்சில் இருக்கிறது என்பதே பெரிது.

அன்புள்ள குடும்பத்தினரே! அங்கே பூட்டு ஒன்றும் இருந்ததில்லை. மாறிய முகவரி, சேராத வலை, பழைய வழக்கு, எழுதாத பெயர், சாத்திய நடைக்கதவு என ஐந்தாறு சிறு தடைகள் இருந்தன. ஒருவர் உள்ளத்திலும் வஞ்சகம் இருந்ததில்லை. எனினும், "அனுமதி இல்லை" என்று ஓர் இயந்திரம் சொன்னதைத் தம்பி சொன்னதாக அண்ணன் கேட்டார். நம் இல்லங்களில் மாமியார் மருமகள் இடையிலும், பெற்றோர் பிள்ளைகள் இடையிலும் இதுவே எத்தனை முறை நிகழ்கிறது! புரியாமையைப் பகைமை என்று தீர்ப்பிடுமுன், ஒவ்வொரு கதவாகப் பார்த்து வருவோமாக. அவசரத்தில், ஆபத்தான பழைய கதவைத் திறந்துவிடாமலும் இருப்போமாக.

பெந்தகோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தோர் அனைவரையும் தூய ஆவியார் ஒரே மொழியினராக்கவில்லை. அவரவர் தத்தம் மொழியிலேயே கேட்டனர். அவ்வில்லத்திலும் மூன்று கணினிகளும் தத்தம் இயல்பிலேயே இருக்கின்றன. அன்னையின் குரல் மூன்றிலும் ஒலிக்கிறது. முப்பதாம் நாள் திருப்பலிக்குப்பின் உறவினர் அனைவரும் அதைக் கேட்டனர். அன்றும் தறிகள் நின்றிருந்தன; பாட்டி பாடுகிறார் என்பதற்காக.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.