ஊர்வலம் முடிந்த பிறகு

மைசூர்க்காரர்களுக்கு ஊர்வலத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் விஜயதசமியன்று அரண்மனையிலிருந்து பன்னிமண்டபத்துக்கு யானை மீது தங்க அம்பாரி போகிறது. அதைப் பார்க்க மணிக்கணக்கில் காத்து நிற்கும் ஊர் இது. ஆனால் எனக்கான ஊர்வலத்தில் நடக்க நான் சுமார் 140 கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியிருந்தது.

2008 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர், டெல்லி, கொல்கத்தா மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் பாலினச் சிறுபான்மையினர் வானவில் கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். நான் ஆணை விரும்பும் ஆண். வேலை மைசூரில், பெற்றோர் சேலத்தில். பெங்களூரில் என்னைத் தெரிந்தவர் யாருமில்லை என்பதே என் தைரியம். டெல்லியில் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் நடந்த நாட்டின் முதல் ஊர்வலத்தில் இருந்தவர்கள் வெறும் 15 பேர்தான். ஒளிந்துகொள்ளக் கூட்டமே இல்லாமல் நடந்தவர்கள் அவர்கள்.

மறுநாள் அலுவலகத்தில் வழக்கமான கேள்வி காத்திருந்தது: "இன்னும் பெண் அமையலையா சார்?"

பெரிய நகரத்தில் கூட்டம் நம்மை மறைத்துக்கொள்ளும். மைசூரில் அந்த வசதி கிடையாது. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் இரண்டு பேர் நாலு நாள் சேர்ந்து நடந்தால், ஐந்தாம் நாள் விசாரிக்க ஒருவர் வந்துவிடுவார். வருடத்தில் ஒரு நாள் தெரு கிடைத்தால் போதாது. மற்ற 364 நாட்களுக்கும் யாரும் எதுவும் கேட்காமல் உட்கார ஒரு நாற்காலி வேண்டும்.

அந்த நாற்காலியை மைசூரில் போட்டுக் காட்டியவர்கள் படித்தவர்களோ பணக்காரர்களோ அல்ல. 2004ல் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமாக ஆரம்பித்த அஷோதயா சமிதி, பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களும் ஆண்களும் திருநங்கைகளும் தாங்களே நடத்தும் அமைப்பாக வளர்ந்தது. உலக வங்கி 2008ல் அளித்த நிதியுதவியோடு அவர்கள் நகரத்தில் ஒரு ஓட்டல் திறந்தார்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் உறுப்பினர்களைப் பராமரிக்க அதன் வருமானம் உதவ வேண்டும் என்பது திட்டம்.

அங்கே நானும் சாப்பிட்டிருக்கிறேன். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டார்கள், பரிமாறியவர் ஊற்றினார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு அன்று அது பெரிய காட்சி. ஊர் எங்களை எப்போது வரவேற்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஊரால் அதிகம் ஒதுக்கப்பட்டவர்களோ, ஊரையே சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் வேகமாக நடந்தது. திருநர்களின் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014ல் அங்கீகரித்தது. வயது வந்தவர்கள் மனமொத்துக் கூடுவது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. அரசு வேலைகளில் திருநர்களுக்கு 1 சதவீத ஒதுக்கீட்டைக் கர்நாடகம் 2021ல் கொண்டுவந்தது. எங்களை மரியாதையோடு குறிப்பிடும் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022ல் அரசிதழில் வெளியிட்டது. திருமண உரிமை மட்டும் 2023ல் கிடைக்காமல் போனது.

தீர்ப்பு கையில் இருந்தும் வீடு கிடைக்கவில்லை. 2018க்குப் பிறகு நானும் என் துணைவரும் வாடகைக்கு வீடு தேடினோம். இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். "பேச்சிலர்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்றார் ஒரு வீட்டுக்காரர். வேறு ஒரு வயதான அம்மாள்தான் எதையும் விசாரிக்காமல் சாவியைத் தந்தார். தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியபோது, அந்த வீட்டு முகவரியைக் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்கினோம்.

ஊர்வலங்கள் தேவை. வீட்டு அறைக்குள் தனியாக அழுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் 'நீ மட்டும் இல்லை' என்று சொல்ல அதைவிடச் சத்தமான வழி கிடையாது. ஆனால் கொடியைச் சுருட்டி வைத்த பிறகு அந்தப் பிள்ளைகள் இந்த ஊரில்தான் வாழ வேண்டும். டீக்கடை, நூலகம், மகளிர் விடுதி, வாடகை வீடு என்று கையில் ஒரு கதவு இருக்கும் எவரும் அவர்களுக்கு உதவலாம். செலவு ஒன்றுமில்லை, ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் போதும்.