டெலான்சி தெருவிலிருந்து மேலே

நியூயார்க்கின் டெலான்சி தெரு சுரங்க ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் ஏறிவிடலாம். 1903-ல் திறந்த இரும்புப் பாலம். நடைபாதைக் கம்பிகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம். மேலே போகப்போக ஆற்றுக் காற்று முகத்தில் அறைகிறது. ரயில் கடக்கும்போது கால் அதிர்கிறது, பக்கத்தில் வருபவர் பேசுவது காதில் விழுவதில்லை. இந்த இரைச்சலுக்குள் நின்றுதான் ஜாஸ் கலைஞர் சன்னி ராலின்ஸ் சாக்ஸபோன் சாதகம் செய்தார்.

1930-ல் பிறந்த ஹார்லெம்காரர். இளவயதில் ஹெராயினுக்கு அடிமையாகிச் சிறைக்கும் போனவர். 1955-ல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்து மீண்டார். அடுத்த ஆண்டு ஜூன் 22-ல் அவருடைய 'சாக்ஸபோன் கொலாஸஸ்' இசைத்தொகுப்பு பதிவானது. ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் தருவது அதைத்தான். நான்கே நாளில், அவர் வாசித்துவந்த குழுவின் டிரம்பட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் கார் விபத்தில் இறந்தார். வயது 25. போதையைத் தொடாமலும் மகா கலைஞனாக வாழலாம் என்று ராலின்ஸுக்கு வாழ்ந்து காட்டிய நண்பர் அவர்.

1959-ல், புகழின் உச்சியில், ராலின்ஸ் மேடையை விட்டு விலகினார். ஊர் கொண்டாடும் அளவுக்குத் தம் வாசிப்பு இல்லை என்பது அவர் முடிவு. கிராண்ட் தெருவில் குடியிருந்தார். அக்கம்பக்கத்தில் ஒரு கர்ப்பிணி. வீட்டில் ஊத மனம் வரவில்லை. பாலத்துக்கு வந்தார். கடுங்குளிரிலும் வந்தார், சில நாள் 15 மணி நேரம்கூட. இழுவைப் படகுகள் சங்கு ஊதினால் பதிலுக்கு இவரும் ஊதுவார். இங்கே ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. மூச்சு முழுவதையும் கொடுக்காவிட்டால் வாசிப்பவர் காதுக்கே அது எட்டாது. அவருடைய தொனிக்கு உரம் ஏறியது இங்கேதான் என்று நம்புகிறேன்.

அதே காலத்தில் சக சாக்ஸபோன் கலைஞர்களான ஜான் கோல்ட்ரேனும் ஆர்னெட் கோல்மனும் ஜாஸையே புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒதுங்கியிருக்க எவ்வளவு துணிவு வேண்டும்! 1961-ல் ராலின்ஸ் மேடைக்குத் திரும்பினார், கிதார் கலைஞர் ஜிம் ஹாலுடன் வாசித்த 'தி பிரிட்ஜ்' இசைத்தொகுப்பு 1962-ல் வந்தது. பிறகும் ஒருமுறை விலகி, மும்பை பவாயில் சின்மயானந்தரின் ஆசிரமத்தில் யோகம் பயின்றார். 2012 வரை மேடையில் வாசித்தவரை நுரையீரல் நோய்தான் நிறுத்தியது.

இந்தப் பாலத்துக்கு ராலின்ஸ் பெயரைச் சூட்ட வேண்டும் என்று ரசிகர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். நியாயமான கோரிக்கை. நியூயார்க் நகரம் அதைச் செய்ய வேண்டும்.